பிறப்பு என்னும் வேலி



மதுரை மாநகரின் வடகிழக்கே, மேலூர்ச் சாலையில், மாட்டுத்தாவணி என்று ஓர் இடம் உண்டு. இன்று அது பேருந்து நிலையம். சென்னைக்கும் திருச்சிக்கும் நெல்லைக்கும் நாகர்கோவிலுக்கும் செல்லும் வண்டிகள் இரவு பகல் ஓயாமல் அங்கே வந்து போகின்றன. ஆயினும் பெயர் பழைய பெயரே. தாவணி என்றால் மாட்டுச் சந்தை. ஒரு காலத்தில் அங்கே மாடுகள் கைமாறின.

மாட்டுச் சந்தையை நேரில் கண்டவர்களுக்கு அங்கு நடப்பது தெரியும். வாங்க வந்தவர் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்; கொம்பைத் தடவுவார்; திமிலை நோக்குவார்; சுழி எங்கே இருக்கிறது என்று தேடுவார்; நிறத்தைக் கருதுவார். பிறகு துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவார். உழவுக்கு மாடு தேடுகிறவர் இவ்வாறு பார்ப்பதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் மனிதன் மனிதனையே இந்தக் கண்ணால் பார்க்கத் தொடங்கினால் என்ன ஆகும்? மூக்கை அளந்து, தோலின் நிறத்தைக் கணக்கிட்டு, இவன் இன்ன தொழிலுக்கு உரியவன், இன்ன தெருவில் வாழத் தக்கவன் என்று முடிவு கட்டினால் என்ன ஆகும்? அதுவே இனவேற்றுமை. இதைப் பற்றி மாணவர்கள் பொதுவாகக் கேட்கும் வினாக்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக விடை காண முயல்வோம்.

முதல் வினா: மனிதருள் இனம் என்பது உண்மையில் உண்டா?

மனிதர் நிறத்தாலும் முடியாலும் முகச்சாயலாலும் வேறுபட்டிருப்பது கண்கூடு. அதை மறுப்பார் இல்லை. ஆனால் அந்த வேறுபாடு எதைக் காட்டுகிறது என்பதே கேள்வி. தோலின் நிறத்துக்குக் காரணம் மெலனின் என்னும் நிறப்பொருள். வெயில் கடுமையாக விழும் நாடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு அது மிகுதியாகச் சுரந்து, கதிரவனின் புற ஊதாக் கதிர்கள் உடலைத் தாக்காதவாறு குடையாக நிற்கிறது. வெயில் குன்றிய வட நாடுகளிலோ, அந்தக் குடை பெரிதாக இருந்தால் உடலுக்கு வேண்டிய வைட்டமின் டி கிடைப்பதே அரிதாகிவிடும். ஆகவே அங்கு வாழ்ந்தவர்களின் தோல் வெளுத்தது. மதுரைச் சித்திரை வெயிலில் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுவது இல்லை. தோலின் நிறம் முன்னோர் வாழ்ந்த நாட்டின் வெயிலுக்குச் சான்று. அறிவுக்கோ ஒழுக்கத்துக்கோ சான்று ஆகாது.

1950ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அறிஞர்களைக் கூட்டி, இன உயர்வு தாழ்வு என்னும் கொள்கைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அறிவித்தது. 1972இல் ரிச்சர்ட் லெவான்டின் என்னும் உயிரியலறிஞர் ஒரு கணக்கு எடுத்தார். மனிதரிடையே உள்ள மரபு வேறுபாட்டில் 100க்கு ஏறத்தாழ 85 பங்கு, ஒரே மக்கட் கூட்டத்துக்கு உள்ளேயே காணப்படுகிறது என்று அவர் கண்டார். அதாவது, உங்கள் வகுப்பில் உங்கள் அருகே அமர்ந்திருக்கும் மாணவருக்கும் உங்களுக்கும் இடையில் உள்ள வேறுபாட்டின் முன், நாட்டுக்கு நாடு உள்ள வேறுபாடு சிறிது. பின்னாளில் நடந்த மரபணு ஆராய்ச்சிகளும் இதனையே உறுதிப்படுத்தின.

காங்கேயம் காளையும் புலிக்குளம் காளையும் வேறு வேறு இனம் அல்லவா, மனிதருக்கு மட்டும் அது ஏன் பொருந்தாது என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. மாட்டினங்கள் மனிதன் பொறுக்கி எடுத்து, பிரித்து வைத்து வளர்த்ததால் உண்டானவை. மனித குலத்தை அவ்வாறு பட்டியில் அடைத்து வளர்த்தவர் எவரும் இல்லை. மனிதர் நடந்தனர், கடல் கடந்தனர், வாணிகம் செய்தனர், மணம் புரிந்தனர், கலந்தனர். ஒரு நிறம் முடிந்து மற்றொரு நிறம் தொடங்கும் எல்லைக்கோடு உலகப் படத்தில் எங்கும் இல்லை.

இரண்டாம் வினா: அப்படியானால் இந்தப் பொய் எவ்வாறு விஞ்ஞானம் என்னும் பெயரைப் பெற்றது?

தேவை முன்னே வந்தது. கொள்கை அதன் பின்னே வந்தது. பதினாறாம் நூற்றாண்டு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாகக் கப்பல் ஏற்றப்பட்டு அட்லாண்டிக் கடலைக் கடத்தப்பட்டனர். மனிதனை விற்று வாங்கும் தொழிலைச் செய்துகொண்டே, மனிதர் யாவரும் சமம் என்று பேச முடியாது அல்லவா? எனவே, அடிமைப்பட்டவன் நம்மைப் போன்ற மனிதன் அல்லன் என்று மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. அளவுகோல்களும் அட்டவணைகளும் அந்தப் பணிக்கு வந்தன.

அந்த அளவுகோல் நம் நாட்டுக்கும் வந்தது. 1901ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்புக்குத் தலைமை வகித்த ஹெர்பர்ட் ரிஸ்லி, ஒருவருடைய மூக்கு எவ்வளவு அகலமோ அவ்வளவுக்கு அவர் சமூகப் படியில் தாழ்ந்தவர் என்று ஒரு கொள்கையையே வகுத்தார். சென்னை அரும்பொருட்காட்சிச் சாலையின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னாட்டு மக்களின் தலையையும் மூக்கையும் கருவி கொண்டு அளந்தார். தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி 1909இல் அவர் 7 தொகுதிகள் வெளியிட்டார். அத்தொகுதிகளில் பயனுள்ள செய்திகள் பல உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் மாட்டின் சுழி பார்ப்பதற்கும் மனிதனின் மூக்கை அளந்து நிலை குறிப்பதற்கும் என்ன வேறுபாடு? இந்த அளவெடுக்கும் கலையை அவர் போலீஸ் அதிகாரிகளுக்கும் கற்பித்தார் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

ஏனெனில், அளவுகோலை அடுத்து வந்தது சட்டம். 1871இல் வட இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறந்தது. 1911இல் அது திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. ஒருவன் குற்றம் செய்தானா என்று இச்சட்டம் கேட்கவில்லை. எந்தக் குடியில் பிறந்தான் என்று கேட்டது. மதுரையைச் சூழ்ந்த ஊர்களில் வாழும் பிரமலைக் கள்ளர் சமூகத்தின் மீது இச்சட்டம் பாய்ந்தது. ஆண்களின் கைரேகை பதிவாயிற்று. பலர் இரவில் தம் வீட்டில் உறங்க உரிமையின்றிக் காவல் நிலையத்திலோ ஊர்ச் சாவடியிலோ கிடக்க வேண்டியதாயிற்று. உழுது பிழைக்கும் ஏழையும் பிறந்த நாள் முதலே குற்றவாளி. இதை எதிர்த்து உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூர் மக்கள் கைரேகை வைக்க மறுத்தனர். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் போலீஸார் சுட்டதில் மாயக்காள் என்னும் பெண் உள்ளிட்ட 16 பேர் உயிர் துறந்தனர். 1947இல் சென்னை மாகாணத்திலும் 1952இல் நாடு முழுவதிலும் அச்சட்டம் ஒழிந்தது. மதுரையிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள அந்த ஊரை நினைத்துப் பார்ப்பவர்க்கு, இனவேற்றுமை கடலுக்கு அப்பால் நடந்த கதை என்று தோன்றாது.

மூன்றாம் வினா: இனவெறி, இன ஒதுக்கல் என்னும் இரண்டும் ஒன்றா?

ஒன்றல்ல. வெறுப்பு மனத்தில் இருப்பது. ஒதுக்கல் தெருவிலும் பள்ளியிலும் வண்டியிலும் வேலியாக நிற்பது. வெறுக்கும் மனிதன் ஒருவன் மனம் திருந்தினாலும் வேலி தானாக விழாது. அதற்குச் சட்டத்தின் துணை இருந்தால் நல்லவனும் அதற்குக் கட்டுப்பட்டே நடக்க வேண்டும்.

அமெரிக்காவில் அடிமை முறை 1865இல் ஒழிந்தது. ஆயினும் 1896இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வசதிகள் சமமாக இருந்தால் போதும், தனித்தனியே பிரித்து வைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. வசதிகள் சமமாக இருந்ததே இல்லை. 1954இல்தான் அதே நீதிமன்றம், பள்ளிகளில் பிரித்து வைப்பதே சமமின்மை என்று கண்டது. தென்னாப்பிரிக்காவில் 1948இல் ஆட்சிக்கு வந்தவர்கள் பிரிவினையையே அரசின் கொள்கை ஆக்கினர். 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு குடிமகனையும் இன்ன இனம் என்று பதிவு செய்தது. ஐயம் எழுந்தால், தலைமுடியில் பென்சிலைச் செருகிப் பார்ப்பார்கள். பென்சில் கீழே விழுந்தால் ஓர் இனம், விழாமல் நின்றால் வேறு இனம்! ஒரே குடும்பத்தில் பிறந்தவர்கள் வெவ்வேறு இனமாகப் பிரிக்கப்பட்டதும் உண்டு. 1960 மார்ச் 21ஆம் நாள் ஷார்ப்வில் என்னும் ஊரில், கறுப்பின மக்கள் கட்டாயம் வைத்திருக்க வேண்டிய அடையாளச் சீட்டை எதிர்த்துத் திரண்டவர்களில் 69 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்நாளையே ஐக்கிய நாடுகள் சபை இனவேற்றுமை ஒழிப்பு நாளாக அறிவித்தது. 1994இல் எல்லா இனத்தாரும் வாக்களித்த முதல் தேர்தல் அந்த ஆட்சிக்கு முடிவு கட்டியது.

நான்காம் வினா: தமிழருக்கு இதில் என்ன தொடர்பு?

நெருங்கிய தொடர்பு உண்டு. 1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற முதற் கப்பல் அது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் அவ்வாறு சென்றனர். அவர்களில் பெரும்பாலோர் தென்னாட்டினர். ஒப்பந்தக் கூலி மாதம் 10 ஷில்லிங்கில் தொடங்கிற்று. ஒப்பந்தம் முடிந்தபின் அந்நாட்டிலேயே தங்க விரும்பியவர் மீது, 1895ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆண்டுக்கு 3 பவுன், அதாவது 60 ஷில்லிங் தலைவரி விழுந்தது. உழைக்க வா, வாழ வராதே என்பதே அதன் பொருள்.

இந்த வரியையும், இந்தியரின் திருமணங்கள் செல்லாவென்ற 1913ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் எதிர்த்துக் காந்தியடிகள் நடத்திய போராட்டத்தில், தமிழ்ப் பெண்கள் முன்னணியில் நின்றனர். அவர்களுள் ஒருத்தி தில்லையாடி வள்ளியம்மை. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த அச்சிறுமி, தாயுடன் அறப்போரில் இறங்கிச் சிறை சென்றாள், கடுங்காவலில் நோயுற்றாள், விடுதலையாகிச் சில நாட்களில், 1914 பிப்ரவரி 22ஆம் நாள், பதினாறு வயதில் மறைந்தாள். சிறை சென்றதற்காக வருந்துகிறாயா என்று காந்தியடிகள் கேட்டபோது, இப்பொழுதும் செல்ல ஆயத்தமாக இருப்பதாகவே அவள் விடை கூறினாள். அவ்வாண்டிலேயே தலைவரி நீங்கியது. உங்களில் பலருக்கு இன்று அவள் வயதுதான்.

ஆனால் பெருமையோடு நின்றுவிடுவது வரலாறு ஆகாது. 1890களில் டர்பன் அஞ்சல் நிலையத்தில் இரண்டு வாயில்கள் இருந்தன. ஒன்று வெள்ளையருக்கு, மற்றொன்று ஏனையோருக்கு. இது இழிவு என்று இந்தியர் முறையிட்டனர். அவர்கள் கேட்டுப் பெற்றது யாது? மூன்றாவது வாயில்! ஆப்பிரிக்கருக்கு ஒன்று, ஆசியருக்கு ஒன்று, ஐரோப்பியருக்கு ஒன்று. அந்நாளில் இளைஞராக இருந்த காந்தியடிகளும் ஆப்பிரிக்க மக்களோடு இந்தியரைச் சேர்த்து எண்ணுவதை விரும்பவில்லை. பிற்காலத்தில்தான் அவர் பார்வை விரிந்தது. தனக்கு மேலே உள்ள வேலியை உடைக்கத் துடிக்கும் மனிதன், தனக்குக் கீழே ஒரு வேலி இருக்கட்டும் என்று எண்ணுகிறான். இந்த மூன்றாம் வாயிலை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரிலும் அது உண்டு.

ஐந்தாம் வினா: சாதியும் இனமும் ஒன்றுதானா?

இதில் அறிஞர் கருத்து வேறுபடுகின்றனர். சாதி வேற்றுமை இன வேறுபாட்டில் பிறந்தது அன்று என்பது டாக்டர் அம்பேத்கரின் முடிவு. தீண்டாமையின் தோற்றம் பற்றி அவர் 1948இல் எழுதிய நூலில், ரிஸ்லி வழியினர் எடுத்த அதே மூக்களவுக் கணக்குகளைக் கையில் எடுத்தார். ஒரு பகுதியில் வாழும் பிராமணரும் தீண்டப்படாதாரும் ஒரே இனத்தவர் என்பதையே அக்கணக்குகள் காட்டுகின்றன என்று எடுத்துரைத்தார். அளவுகோலால் எழுப்பிய மாளிகையை அந்த அளவுகோலாலேயே இடித்தார் எனலாம்.

மூலம் வேறாயினும் விளைவு ஒன்றாக இருக்கலாம். 1959இல் மார்ட்டின் லூதர் கிங் நம் நாட்டுக்கு வந்தபோது, திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளித் தலைவர் அவரைத் தம் மாணவர்களுக்கு, அமெரிக்காவிலிருந்து வந்துள்ள ஒரு தீண்டப்படாதவர் என்று அறிமுகம் செய்தார். கிங் முதலில் திடுக்கிட்டார். சற்றே மனம் நொந்தார். பிறகு தம் மக்களின் நிலையை எண்ணிப் பார்த்து, ஆம், அது உண்மைதான் என்று தெளிந்தார். 1965ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை, இனம், நிறம் இவற்றோடு வமிசாவழி என்பதையும் சேர்த்தே வேற்றுமையை வரையறுக்கிறது. அச்சொல் சாதியையும் குறிக்கும் என்று அதன் குழு 2002இல் விளக்கியது. சாதி அதில் அடங்காது என்பது இந்திய அரசின் நிலை. சொல்லைப் பற்றிய வழக்கு எவ்வாறு முடிந்தாலும், வாயிற்படியில் தடுக்கப்பட்டவனுக்கு வலி ஒன்றே.

மதுரைச் சீமையின் வரலாறு இதற்குச் சான்று. 1897இல் கமுதிக் கோயிலில் நாடார் சமூகத்தார் நுழைந்ததைப் பற்றிய வழக்கு மதுரை நீதிமன்றத்தில் தொடங்கி, சென்னை சென்று, 1908இல் லண்டன் பிரிவி கௌன்சிலில் முடிந்தது. அவர்களுக்கு நுழையும் உரிமை இல்லை என்பதே தீர்ப்பு. 31 ஆண்டுகள் கழிந்தன. 1939 ஜூலை 8ஆம் நாள் வழக்கறிஞர் அ. வைத்தியநாத ஐயர், தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஐவரையும் நாடார் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றார். அந்த ஐவரில் ஒருவர் மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன். பின்னாளில் இம்மாநிலத்தின் உள்துறை அமைச்சர் ஆனார். பட்டர்களுள் சிலர் பூசை செய்ய மறுத்தனர். வைத்தியநாத ஐயரைச் சொந்தச் சமூகத்தாரே ஒதுக்கினர். அவ்வாண்டே இராஜாஜி அரசு, நுழைய விட்டவர்களைக் காக்கச் சட்டம் இயற்றியது. 1947இல் மாகாணம் முழுவதுக்கும் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது.

பேருந்தைப் பற்றியும் ஒரு செய்தி. 1955 டிசம்பர் 1ஆம் நாள் மான்ட்கோமரி நகரில் ரோசா பார்க்ஸ் அம்மையார், வெள்ளையருக்கு இடம்விட்டு எழ மறுத்துக் கைதானதும், கறுப்பின மக்கள் 381 நாட்கள் பேருந்து ஏறாமல் நடந்ததும் உலகறிந்த வரலாறு. அதற்கு ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்கு முன்பே, தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பேருந்துகள் நம் பக்கத்தில் ஓடின. அவ்வாறு மறுக்கும் வண்டிகளின் உரிமம் பறிக்கப்படும் என்று, இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன் ஆணையிட்டார். பிரிவி கௌன்சிலில் தோற்ற சமூகத்தில் பிறந்தவர் அவர். தமக்கென மூன்றாம் வாயில் ஒன்றைக் கேட்டுப் பெறாமல், எல்லோருக்கும் ஒரே வாயிலைத் திறந்த செயல் அது.

இறுதி வினா: சட்டம் வந்துவிட்டதே, இன்னும் என்ன குறை?

அரசியலமைப்பின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. 1955இலும் 1989இலும் தண்டனைச் சட்டங்கள் வந்தன. ஆயினும் அதே 1989இல், மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில், தலித் மக்கள் வாழும் பகுதியைப் பிரித்து ஒரு நெடுஞ்சுவர் எழுந்தது. ஏறத்தாழ 19 ஆண்டுகளுக்குப் பிறகு, 2008 மே மாதத்தில்தான் அதன் ஒரு பகுதி இடிக்கப்பட்டு வழி பிறந்தது. 1997இல் சுந்தரலிங்கனார் பெயரால் ஒரு போக்குவரத்துக் கழகம் தோன்றியபோது, அவர் பிறந்த சமூகத்தை எண்ணி அப்பெயர் தாங்கிய பேருந்தில் ஏற மாட்டோம் என்றவர் இருந்தனர். கலவரம் மூண்டு உயிர்கள் மாண்டன. முடிவில் அரசு எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர் பெயர்களை நீக்கிவிட்டது. இன்று மாட்டுத்தாவணியில் நிற்கும் அரசுப் பேருந்துகளில் எந்தத் தலைவர் பெயரும் இல்லாததன் காரணம் இதுவே. பெயரை நீக்குவது எளிதாயிற்று. வெறுப்பை நீக்குவது எளிதாகவில்லை.

சட்டம் வேலியை வெட்டும். வேர் நம் வீடுகளில் இருக்கிறது. பெண் சிவப்பா என்று கேட்கும் மணப்பேச்சிலும், வடகிழக்கு மாநிலத்து மாணவரின் கண்ணைக் கேலி செய்யும் விடுதியிலும், கறுத்த குழந்தைக்கு இடும் பட்டப்பெயரிலும் அது துளிர்க்கிறது. அதைக் கிள்ளி எறிய அரசாணை வேண்டியதில்லை. கேலி எழும்போது சிரிக்காமல் இருப்பதே தொடக்கம். ஏன் என்று கேட்பது அடுத்த படி.

அடுத்த முறை மாட்டுத்தாவணியில் நீங்கள் பேருந்து ஏறும்போது, பக்கத்து இருக்கையில் யாரோ ஒருவர் வந்து அமர்வார். அவர் ஊர் எது, குலம் எது என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். கொஞ்சம் தள்ளி அமர்ந்து இடம் கொடுப்பீர்கள். மிக எளிய செயல் அது. அந்த எளிய செயல் குற்றமாக இருந்த காலம் ஒன்று உண்டு. அதை எளிதாக்கச் சிறை சென்றோரும் உயிர் விட்டோரும் உண்டு. வண்டியை விட்டு இறங்கித் தத்தம் ஊருக்குள் நடக்கும்போதும் அந்த இருக்கையின் பழக்கம் நம்மோடு வருகிறதா என்பதே, இன்று உங்கள் முன் நான் வைக்கும் வினா. அதற்குரிய விடையை நீங்கள்தாம் எழுத வேண்டும்.